டீச்சரம்மா வாங்கிய குதிரை

நான் ஒரு ரேஸ் குதிரைக்குச் சொந்தக்காரியாக இருந்தவள். தாம்பரத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாட வகுப்பு, கிண்டி லாயத்தில் ஒரு குதிரை. இந்த மூன்றும் ஒருத்தியிடம் சேர்ந்து இருக்கக் கூடாது என்று எனக்குப் பலர் சொன்னார்கள். அன்றைக்கும் நான் கேட்கவில்லை. இன்றைக்கு எழுதும்போதும் அதற்காக வருத்தப்படவில்லை. பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன். என்னைக் கண்டித்தவர்களின் பெண்கள் பலர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. பல்லாவரத்தில் ஒருவர் இடது செருப்புக்கு மட்டும் அடியைக் கனமாக வைத்துத் தைத்துக் கொடுப்பார். அதைப் போட்டுக்கொண்டு நடந்தாலும் உடம்பு ஒரு பக்கம் சாயும். தெருவில் எதிரே வருகிறவர்கள் என் முகத்தைப் பார்க்கும் முன் நடையைத்தான் பார்ப்பார்கள்.

பெண் பார்க்க நான்கு குடும்பங்கள் வந்தன. நாலு குடும்பத்தாருமே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் "பொண்ணையே காபி கொண்டுவரச் சொல்லுங்களேன்" என்றார்கள். காபிக்காக அல்ல என்று எனக்குத் தெரியும். ஐந்தாவதாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாளும் அதையே கேட்டார். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "நொண்டிதான். நடந்து காட்ட மாட்டேன்" என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. இரண்டு வருடத்தில் அப்பாவும் போய்விட்டார். என் கல்யாணத்துக்கென்று அவர் செய்து வைத்திருந்த நகைகள் என் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தன. நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தார். எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டியில் உறுப்பினர்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்திய நர்ஸ் குடியிருந்தார். எஞ்சின் டிரைவராக இருந்த கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ரயில்வே மருத்துவமனையில் வேலை. சனிக்கிழமைகளில் பூப்போட்ட கவுனும் தொப்பியுமாக ஸ்டேஷனுக்குப் போவார். நவம்பரில் தொடங்கி வெயில் ஏறும் வரை இது நடக்கும். அறுபத்தாறாம் வருடம் என்று நினைக்கிறேன், ஒரு சனிக்கிழமை வாசலில் நின்ற என்னிடம், "டீச்சர், சும்மாதானே உக்காந்திருக்கே, வா. குதிரை பாக்கலாம்" என்றார். போனேன்.

கிண்டியில் எனக்குப் பிடித்தது பந்தயம் அல்ல. ஓடுவதற்கு முன்னால் குதிரைகளை ஒரு வேலிக்குள் வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அங்கே போய் நின்றவள் நகரவில்லை. ஒவ்வொரு குதிரையும் எந்தக் காலை எப்படி ஊன்றுகிறது, எந்தத் தோள் சாய்கிறது, எது வலியை மறைத்துக்கொண்டு நடக்கிறது என்று எனக்கு அப்படியே தெரிந்தது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முப்பது வருடமாக என் நடையை ஊர் பார்த்தது. நான் ஊரின் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்தக் கறுப்புக் குதிரை இன்றைக்குச் சரியாக ஓடாது, பின்கால் வலிக்கிறது" என்று நர்ஸிடம் சொன்னேன். அது கடைசியாக வந்தது. நர்ஸ் அதன்மேல்தான் பணம் கட்டியிருந்தார். அடுத்த சனிக்கிழமை அவர் தொப்பியைப் போடும் முன்பே என்னைக் கூப்பிட வந்துவிட்டார்.

நானும் பணம் கட்டியிருக்கிறேன். மொத்தம் இரண்டு தடவை. இரண்டும் போயிற்று. அதில் எனக்கு ருசி இல்லை.

நர்ஸுக்குத் தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். முன்னாள் ஜாக்கி, உருது கலந்த தமிழ் பேசுவார். ஒருமுறை விழுந்து தோளெலும்பு முறிந்தபோது நர்ஸ்தான் கவனித்துக்கொண்டாராம். அந்தப் பழக்கத்தில் விடியற்காலைப் பயிற்சி பார்க்க எங்களை உள்ளே விடுவார். விடுமுறை நாட்களில் தாம்பரத்திலிருந்து முதல் மின்சார ரயிலில் போய்விடுவோம். அவருடைய லாயத்தில்தான் அந்தப் பெண் குதிரையைப் பார்த்தேன். செம்பழுப்பு நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு. ஐந்து வயது. பந்தயத்தில் பாதி தூரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் மனம் விட்டதுபோலப் பின்தங்கிவிடும். சோம்பேறி என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதன் முதலாளி, ஒரு மில் வியாபாரி, இனி தீனி போட முடியாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு ஜட்கா வண்டிக்காரர் வந்து, வண்டியில் பூட்ட ஆகுமா என்று அதன் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் அதை நடக்கவிட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முன்குளம்புகளும் ஒன்றாக இல்லை. ஒன்று அகலமாகப் படிந்திருந்தது. மற்றது குறுகலாக, செங்குத்தாக இருந்தது. அவற்றை ஒன்றுபோல ஆக்குவதற்காகக் குறுகலான குளம்பின் பின்பக்கத்தைச் சீவிச் சீவி, இரண்டுக்கும் ஒரே அளவில் லாடம் அடித்திருந்தார்கள். அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் அது எடையைச் சட்டென்று மாற்றிக்கொண்டது. பள்ளியில் படித்தபோது ஒரு டாக்டர் என்னை இரண்டு காலுக்கும் ஒரே உயரச் செருப்புப் போட்டு நடக்கச் சொல்லி ஒரு வருடம் வதைத்தார். அந்த வலி எனக்குத் தெரியும்.

லாடம் அடிப்பவர் பரங்கிமலைக்காரர். அவரிடம் அந்தக் குளம்பைச் சீவாமல் விடும்படி கேட்டேன்.

"இன்னா டீச்சரம்மா, முப்பது வருசமா லாடம் அடிச்சிக்கினு கீறேன். ரெண்டு காலும் ஒண்ணா இருந்தாத்தான் குதிர நேரா நிக்கும்" என்றார்.

நான் என் இடது செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். வலது செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். "இது ரெண்டையும் ஒண்ணா ஆக்கிக் குடுங்க. நான் எப்படி நடக்கிறேன்னு பாருங்க" என்றேன்.

அவர் செருப்புகளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். அந்தக் குளம்பைக் கையில் எடுத்து விரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "சரி, வுட்டுப் பாப்போம்" என்றார் கடைசியில்.

ஆனால் வேறொருவருடைய குதிரையில் நான் எதை விட்டுப் பார்ப்பது? ரயிலில் திரும்பி வரும்போது நர்ஸிடம், "நாம வாங்கிடலாம்" என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "பாதி பாதி" என்றார். டிரங்குப் பெட்டியில் இருந்த நகைகளை அடுத்த வாரம் விற்றேன். கல்யாணத்துக்கு வைத்த நகையில் குதிரை வாங்கினாள் என்று பிறகு ஊர் பேசியது. உண்மைதான். பெட்டிக்குள் கறுத்துக்கொண்டிருந்ததைவிட அது நல்ல காரியம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

உரிமையாளராகப் பதிவு செய்யப் போனபோது குமாஸ்தா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பா பேரிலா, வீட்டுக்காரர் பேரிலா என்று கேட்டார். என் பேரில் என்றேன். அப்போ கையெழுத்து யார் போடுவார்கள் என்றார். அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி நானே போட்டேன்.

அண்ணனிடம் நான் சொல்லும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அலுவலகத்தில் ஒருவர் பந்தயப் புத்தகத்தைக் கொண்டுவந்து, உரிமையாளர் பட்டியலில் 'குமாரி' என்று தொடங்கும் என் பெயரைக் காட்டி, இது உங்கள் தங்கையா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்தில் நின்றார்.

"ஊர்ல எப்படித் தலை காட்டுறது? ரேஸ்ல குடும்பத்தையே அழிச்சவங்க எத்தனை பேர், தெரியுமா உனக்கு?"

தெரியும் என்றேன். அவர்கள் குதிரையைப் பார்க்காமல் பணத்தைப் பார்த்தவர்கள், நான் சூதாடவில்லை, குதிரை வளர்க்கிறேன் என்றேன். அவருக்கு அது காதில் விழவில்லை. அண்ணியும் அவரும் அதற்குப் பிறகு என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார்கள்.

குளம்பைச் சீவாமல் விட்டு, இரண்டுக்கும் வெவ்வேறு அளவில் லாடம் அடித்த மூன்றாவது மாதம் குதிரையின் நடை மாறியது. பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, மில் வியாபாரியிடம் சொல்லாதீர்கள் அம்மா, அழுதுவிடுவார் என்றார். ஆனால் வெற்றி உடனே வரவில்லை. முதல் வருடம் நாலாவது, மூன்றாவது என்று வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போவது முடிவானது. அவருடைய தம்பி மெல்போர்னில் இருந்தார். அப்போது எங்கள் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, குதிரையில் தன் பாதியையும் எனக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "விக்காதே டீச்சர். அவ்வளவுதான்" என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னைச் சும்மா வா என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்.

அடுத்த டிசம்பரில் அவருடைய நீண்ட கடிதம் வந்தது. வந்தது நல்ல நேரத்தில். ஜனவரியில் சபைக் கமிட்டி என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தது. பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தருகிறவள் ரேஸ் குதிரை வைத்திருக்கலாமா என்பதுதான் விஷயம்.

ஆராதனை முடிந்து சர்ச்சுக்குப் பின்னாலிருந்த ஹாலில் கூடினார்கள். போதகர், கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேர், அதில் என் அண்ணன் ஒருவர். பெண்கள் ஐக்கிய சங்கத்தினர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பொருளாளர் எழுந்து ரேஸ் எப்படிப்பட்ட பாவம் என்று விளக்கினார். பணம் கட்டியதுண்டா என்று போதகர் கேட்டார். இரண்டு தடவை கட்டினேன், தோற்றேன், அப்புறம் கட்டவில்லை என்றேன். மறைப்பேன் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ, போதகர் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில் கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை, பின்னால் இருக்கிற பெண்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன்.

அங்கே நவம்பர்தான் வசந்த காலமாம். வேலிகளிலெல்லாம் ரோஜா. நவம்பரில் முதல் செவ்வாய்க்கிழமை ஒரு குதிரைப் பந்தயத்துக்காக ஊருக்கே அரசாங்க விடுமுறை. நர்ஸுக்கு அன்று டியூட்டி. வார்டில் எல்லாக் குதிரைகளின் பெயரையும் சீட்டில் எழுதி, ஊசி வைக்கிற தட்டில் போட்டுக் குலுக்கி, நோயாளிகள் ஆளுக்கு ஒன்று எடுத்திருக்கிறார்கள். ஜெபிக்க வந்த பாதிரியாரும் ஒன்று எடுத்திருக்கிறார். பந்தயம் தொடங்கும் நேரத்தில் டாக்டர், தரை துடைக்கிறவர், நேற்று ஆபரேஷன் ஆனவர் எல்லாரும் ஒரே ரேடியோவைச் சுற்றி நின்றார்களாம். பாதிரியாரின் குதிரை கடைசியாக வந்தது. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு ஜெபிக்கப் போனார். கடைசியில் ஒரு செய்தி இருந்தது: 'இங்கே நாங்கள் நாலு நர்ஸுகள் சேர்ந்து ஒரு குதிரை வாங்கியிருக்கிறோம். ஆளுக்கு ஒரு கால். போன வாரம் ஓடியது. என்னுடைய கால்தான் தாமதம் என்று மற்ற மூன்று பேரும் சொல்கிறார்கள்.'

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் சிலர். நான் கடிதத்தை மடித்தேன். "அங்கேயும் இதே பைபிள்தான் ஐயா. வேற இல்ல" என்றேன்.

பொருளாளர், வெள்ளைக்காரன் செய்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆகாது என்றேன். நான் செய்வது சரி என்பது அவர்கள் செய்வதால் அல்ல, என் குதிரைக்கு நான் தீனி போட்டு வளர்ப்பதால் என்றேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

வேதபாட வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது வலித்தது, அந்தப் பிள்ளைகள் எனக்குப் பிடித்தமானவர்கள். ஆராதனைக்குப் போவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. சில வாரங்களில் பள்ளியின் கரஸ்பாண்டென்ட்டிடமிருந்து விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. ஆசிரியை குதிரை வைத்திருக்கக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது, எண்ணைக் குறிப்பிட்டால் பதில் எழுத வசதியாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். விதி இல்லை. அதனால் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பிலிருந்து என்னை ஆறாம் வகுப்புக்கு மாற்றினார்கள். ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தருவதும் நல்ல வேலைதான். இரண்டு வருடம் கணக்கில் தேர்ச்சி குறைந்ததும் அவர்களே என்னைத் திரும்ப மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

குதிரை ஜெயித்தது கமிட்டி விசாரணைக்கு அடுத்த மாதம், பிப்ரவரியில். கடைசித் தரக் குதிரைகளுக்கு வைக்கிற ஒரு சின்னப் பந்தயம். பாதி தூரத்தில் வழக்கம்போல நடுவில் இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இங்கேதான் விடுவாள், இங்கேதான் விடுவாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் விடவில்லை. நேர்பாதைக்கு வந்ததும் ஒவ்வொரு குதிரையாகத் தாண்டினாள். எல்லைக்கோட்டில் ஒரு கழுத்து முன்னால் இருந்தாள். என் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். அவர் சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன்.

ஜெயித்த குதிரையை உரிமையாளர் கடிவாளத்தைப் பிடித்து உள்ளே நடத்தி வருவது வழக்கம். பயிற்சியாளர், கூட்டம் இருக்கிறது, வேண்டுமானால் தாமே நடத்திக்கொண்டு போவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனாலும் கடிவாளத்தை நானே வாங்கிக்கொண்டேன். பாதி வழியில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னாபா இது, குதிர நல்லாத்தான் நடக்குது, ஓனரம்மா நொண்டிக்கினு வருது."

சிரித்தார்கள். நான் நின்றேன். குதிரையும் நின்றது. சொன்னவனை நேராகப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும்.

"ஆமா. மூணு வயசுலேர்ந்து. நீங்க எந்தக் குதிரைமேல கட்டுனீங்க?" என்று கேட்டேன்.

அவன் கையிலிருந்த சீட்டை மடக்கினான். பக்கத்தில் இருந்தவன், "ஆறாம் நம்பர்மா" என்றான்.

"அது இன்னும் வந்துக்கிட்டு இருக்கு" என்றேன்.

இப்போது சிரித்தது வேறு சிரிப்பு. நான் அவசரப்படாமல், சாய்ந்து சாய்ந்துதான் மீதி தூரத்தை நடந்தேன். அவளும் மூச்சிரைத்தபடி என் வேகத்துக்கே வந்தாள். அத்தனை பேர் பார்க்க நான் நடந்து காட்டியது அன்று ஒருநாள்தான். அது யாரும் கேட்டு நடந்தது அல்ல.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. அண்ணன் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, வளர்ந்துவரும் தன் பெண்ணின் எதிர்காலத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார். வீட்டைவிட்டுப் போ என்று அவர் வாயால் சொல்லவில்லை. நான் ஒரு வாரத்தில் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது கஷ்டம் என்றார்கள். மூன்றாவது வீடு கிடைத்தது.

அவள் இன்னொரு பந்தயமும் ஜெயித்தாள். எழுபத்திரண்டில் ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். மறுபடியும் ஜட்கா வண்டிக்காரர்கள் விசாரித்தார்கள். லாடம் அடிப்பவரின் மனைவி வீட்டார் அனகாபுத்தூரில் நெசவுக்காரர்கள். அவர்களுக்கு அடையாற்றங்கரையில் கொஞ்சம் புல்தரை இருந்தது. அங்கே கொட்டகை போட்டு அவளை விட்டேன். முதல் ஒரு மாதம் தறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதை விறைத்துக்கொண்டு நின்றாள், பிறகு பழகிவிட்டது. மழைக்காலத்தில் ஆறு ஏறினால் பம்மல் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து அங்கே போய்விடுவேன்.

எழுபத்து நான்கில் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்யச் சட்டம் வந்தது. பள்ளி வராந்தாவில் கரஸ்பாண்டென்ட் என்னை நிறுத்தி, "இப்ப என்ன சொல்றீங்க டீச்சர்? அரசாங்கமே மூடிட்டாங்க" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அவங்க மூடுறது பந்தயத்தை சார். என் குதிரை புல்லு தின்னுட்டு இருக்கு" என்றேன்.

பிறகு வழக்குப் போட்டார்கள். வழக்கும் நடந்தது, பந்தயமும் நடந்தது. நான் எப்போதும்போல நவம்பரில் கிண்டிக்குப் போய் அந்த வட்ட வேலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

அதற்கடுத்த வருடம் ஒரு ஞாயிறு மதியம் அண்ணன் அனகாபுத்தூருக்கே தேடிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மகளின் கல்யாணப் பத்திரிகை. ஐந்து வருடமாக நாங்கள் பேசியதில்லை. சேறு படாமல் தள்ளி நின்றபடி பத்திரிகையை நீட்டினார். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பற்றி விசாரித்ததாகவும், இவளுடைய அத்தை கணக்கு டீச்சர் என்று மட்டும் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். மற்றதை அன்றைக்குப் பேசாமல் இருந்தால் நல்லது என்றார்.

"யாராவது கேட்டா சொல்லிடுவேன் அண்ணா. கேக்கலைன்னா சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிரையின் பக்கத்தில் வந்தார். இதுவா அது என்று கேட்டார். இதுதான் என்றேன். கடிக்குமா என்றார். கடிக்காது என்றதும் கையை நீட்டி, நெற்றியிலிருந்த வெள்ளைக் கோட்டை ஒரு விரலால் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குப் போனேன். விருந்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா என் எதிரே உட்கார்ந்தார். பாயசம் வந்தபோது, நீங்கள்தானே அந்தக் குதிரைக்காரம்மா என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.